பட்டை தீட்டாத கல்

அணிகலன்களில் மக்கள் கொள்ளும் விருப்பம் காலந்தோறும் மாறிவருவது இயல்பு. பாட்டியின் அட்டிகையும் அன்னையின் கல் வளையலும் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருக்க, கல்லூரி மாணவியரும் ஆசிரியைகளும் விரும்பி அணியும் ஒரு புதுவகை அணி அண்மைக் காலமாக நம் கண்ணில் படுகிறது. ஊதா நிறச் செவ்வந்திக்கல், செந்நிறச் சூதுபவளம், கடல்நிறப் பெரில், பச்சையும் இளஞ்சிவப்பும் ஒரே உடலில் கலந்த டூர்மலின் என்று பலநிறக் கற்கள், மண்ணிலிருந்து எடுத்த கோலத்திலேயே, முனை மழுங்காமலும் முகம் தேய்க்கப்படாமலும் வெள்ளியிலோ செம்பிலோ பொதிக்கப்பட்டுக் கழுத்தில் தொங்குகின்றன. கற்கண்டுக் கட்டியை நூலில் கோத்து அணிந்தாற்போல் இருக்கிறது என்று மூத்தோர் நகைப்பதும் உண்டு. அந்த நகைப்பில் நாம் பங்குகொள்ளவில்லை. இவ்வணிகள் செய்யப்படும் முறையைச் சற்று உற்று நோக்கினால், நெடுநாள் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு வினா அங்கே கிடப்பது புலப்படும்.

தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் மோதிரங்களில் கல் அமரும் குழி முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. நீளம் இத்தனை மில்லிமீட்டர், அகலம் இத்தனை மில்லிமீட்டர் என்று அளவு வகுத்து, அவ்வளவுக்கு வரும்வரை கல்லைத் தேய்க்கிறார்கள். அளவில் அடங்காத கல்லுக்கு அங்கே இடமில்லை. கைவினைஞர் பட்டை தீட்டாத கல்லை எடுக்கும்போதோ முறை தலைகீழாகிறது. அவர் முதலில் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த முனை உடையக்கூடியது, எந்தப் பக்கத்தில் ஒளி நுழைகிறது என்பதை விரலால் அறிகிறார். பின்னர் வெள்ளித் தகட்டை அந்த மேடு பள்ளங்களுக்கு ஏற்ப வளைக்கிறார். மெல்லிய இடத்தில் பிடியைத் தளர்த்துகிறார். உறுதியான இடத்தில் இறுக்குகிறார். இங்கே வளைவது உலோகம். கல் தானாகவே இருக்கிறது. ஒரு கல்லுக்குச் செய்த பொதிவு மற்றொரு கல்லுக்குப் பொருந்தாது என்பதால், செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் வேலை புதிதாகவே தொடங்குகிறது.

கல்லைப் பொதிவுக்கு ஏற்பத் தேய்ப்பதா, பொதிவைக் கல்லுக்கு ஏற்ப வளைப்பதா? இது நகைக்கடையில் முடிந்துபோகும் வினா அன்று. ஏனெனில் நம் மேடைகளிலும் மறையுரைகளிலும் நீண்ட காலமாக ஓர் உவமை உலவிவருகிறது. பட்டை தீட்டினால்தான் கல் ஒளிரும். அவ்வாறே துன்பத்தால் தேய்த்துத் தேய்த்து இறைவன் நம்மை மணியாக்குகிறார் என்பதே அது. புற்றுநோயால் படுத்திருப்பவரிடமும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும், கணவனின் கொடுமையைத் தாங்கும் மனைவியிடமும் இதைச் சொல்லி ஆறுதல் தந்துவிட்டதாக எண்ணி நாம் விடைபெறுகிறோம். கேட்பவர் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பு ஆறுதலா, அல்லது இனிப் பேசிப் பயனில்லை என்ற அயர்ச்சியா என்பதை நின்று பார்ப்பவர் குறைவு. எனவே இந்த உவமையைச் சாணைக்கல்லின் அருகிலேயே வைத்து ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நன்று.

பட்டை தீட்டும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் தூளாகிப் போவது வழக்கம். கோகினூர் வைரத்தின் வரலாறு யாவரும் அறிந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டபோது, காண வந்த கூட்டம் ஏமாற்றமடைந்தது. அது எதிர்பார்த்த அளவுக்கு மின்னவில்லை. நம் நாட்டுப் பண்டைய வினைஞர், எடை குறையாதிருக்கும் பொருட்டுக் கல்லின் இயல்பான உருவையொட்டியே அதைச் செதுக்கியிருந்தனர். ஏமாற்றத்தைப் போக்க விரும்பிய அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் இளவரசர், 1852இல் அதை மீண்டும் பட்டை தீட்டச் செய்தார். ஏறத்தாழ 186 காரட் இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கியது. மின்னியதா என்றால் மின்னியது. ஆனால் போன எண்பது காரட்டும் அந்தக் கல்லின் குறையா, அல்லது பார்த்தவர் கண்ணின் குறையா?

மற்றொன்றும் கருதத்தக்கது. மணிகளின் நிறம் எங்கிருந்து வருகிறது? மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் இரு வடிவங்கள். தூய குருந்தம் நிறமற்றது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. பெரிலும் அவ்வாறே: இரும்பு கலந்தால் கடல்நிறம், குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதம். படிகத்தில் இரும்பு புகுந்து, பூமிக்குள் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் செவ்வந்திக்கல். வேதியியலார் மாசு என்று எழுதுவதையே நாம் நிறம் என்று விலை கொடுத்து வாங்குகிறோம். இதைக் கொண்டு பாவத்தைப் போற்ற முற்படுவது தவறு. இங்கே நாம் பேசுவது பாவத்தைப் பற்றியன்று, பிறவியோடு வந்த வேறுபாட்டைப் பற்றி. உருக்கி வார்த்த செயற்கைக் கல்லில் இயற்கைக் கல்லின் வடுக்கள் இரா. இயற்கைக் கல்லுக்குள் பிற கனிமங்களின் ஊசி போன்ற இழைகளும், நீர்த்துளி அடைபட்ட நுண்ணிய அறைகளும், ஆறிய விரிசல்களும் உண்டு. அவற்றைப் பூதக்கண்ணாடியில் கண்ட பின்னரே தேர்ந்தவர் இது மண்ணில் பிறந்தது என்று சான்று தருகிறார்.

நிற்க. மறைநூல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? துன்பத்தைப் புடமிடுதலுக்கு ஒப்பிடுவது மறைநூலில் உண்டே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். மலாக்கி இறைவாக்கினர் வெள்ளியைப் புடமிடுபவரைக் காட்டுகிறார் (3:3); தூய பேதுரு நெருப்பில் சோதிக்கப்படும் பொன்னைச் சொல்கிறார் (1 பேது 1:7). ஆனால் அங்கே சொல்லப்படுவது உலோகம். நெருப்பு பொன்னிலிருந்து கசட்டைப் பிரிக்கிறது. பொன்னில் ஒரு குன்றிமணியும் குறைவதில்லை. சாணையோ கல்லிலிருந்து கல்லையே எடுத்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியது மறைநூல் அன்று, நம்முடைய அவசரம்.

மணிகளைப் பற்றி மறைநூல் பேசுமிடம் வேறு தொனியில் அமைந்திருக்கிறது. எசாயா நூலின் 54ஆம் அதிகாரத்தில், சூறைக்காற்றால் அலைக்கழிக்கப்பட்டு ஆறுதலற்றுக் கிடக்கும் நகரை ஆண்டவர் அழைத்து, அவளுடைய கற்களை அழகுறப் பதிப்பதாகவும், அடித்தளத்தை நீலக்கற்களால் அமைப்பதாகவும் வாக்களிக்கிறார். துயர் அவளை மணியாக்கியது என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். துயர் துயராகவே இருந்தது. அதன்பின் அவளைத் தேடிவந்தவர் செய்த வேலை பதித்தல். ஆண்டவர் இயேசுவும் விண்ணரசைப் பற்றிய உவமைக்கு மணிகளுள் முத்தையே தேர்ந்துகொண்டார். அது பட்டை தீட்டப்படாமலே அணியப்படுவது. இது தற்செயலாகவும் இருக்கலாம். இதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப நாம் விரும்பவில்லை.

ஆனால் ஆரோனின் மார்புப்பட்டையின்மேல் எழுப்பலாம். விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரம் அதை விரித்துரைக்கிறது. நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு கற்கள். ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. ஒரே மதிப்புடையவையும் அல்ல. அரிய மணியும் எளிய மணியும் ஒரே வரிசையில் அமர்கின்றன. ஒவ்வொன்றும் பொன்னாலான பொதிவில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு குலத்தின் பெயர். தந்தையின் சாபத்துக்கு ஆளான ரூபனின் பெயர் அங்கே உண்டு. கடைக்குட்டி பென்யமினின் பெயரும் உண்டு. உடன்பிறந்தவனை விற்றவர்களின் பெயர்களும், விற்கப்பட்ட யோசேப்பின் பெயரும் ஒரே பட்டையில் அருகருகே இருக்கின்றன. இவற்றைச் சுமந்துகொண்டுதான் தலைமைக் குரு தூயகத்தில் நுழைய வேண்டும். அதுவும் தலையிலோ கையிலோ அன்று, இதயத்தின்மேல். அதே நூலின் 20ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தைக் கல்லால் கட்டினால் செதுக்கிய கல்லால் கட்டாதே, உளி பட்டால் அது தீட்டாகும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நம் வாதம் எளிதாய் முடிந்துவிடும். ஆனால் அது முழுமையாகாது. மார்புப்பட்டையின் கற்களில் பெயர் பொறிக்கப்பட்டதே. கருவி படாமல் பெயர் பொறிப்பதெப்படி? சாலமோனின் கோவிலும் செதுக்கிய கற்களால்தான் எழுந்தது; வேலையெல்லாம் கல் வெட்டும் இடத்திலேயே முடிந்ததால் கோவிலில் சுத்தியல் ஓசை கேட்கவில்லை என்று அரசர் முதல் நூல் கூறுகிறது. பயிற்சியே வேண்டாம், கண்டிப்பே வேண்டாம், பிறந்தபடியே இருக்கட்டும் என்று பிள்ளை வளர்க்க முற்படுவோர், கல்லின் பெயரால் தம் சோம்பலை மறைக்கிறார்கள்.

இவ்விடத்தில் நமக்கு உதவுவது நம் கொங்கு மண்ணின் ஒரு கல். கரூர், காங்கேயம் பகுதிகளில் கிடைக்கும் ஐயோலைட் என்னும் மணிக்கு ஒரு விந்தை உண்டு. ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தால் ஆழ்ந்த நீலம். திருப்பிப் பிடித்தால் நீர்போல் வெளிறிய நிறம், சில வேளை இலேசான மஞ்சள். நீலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாமல் தீட்டினால் கல் சாம்பல் பூத்துக் கிடக்கும். புட்பராகமோ ஒரு தளத்தில் எளிதில் பிளந்துவிடும் இயல்புடையது. அதை அறியாமல் சாணை பிடித்தவர் கையில் அது இரண்டாகும். எனவே நல்ல வினைஞர் நாள்கணக்கில் கல்லைப் பார்க்கிறார்; பிறகே கருவியைத் தொடுகிறார். தீட்டலாமா கூடாதா என்பதைவிட, யார் யாருக்குச் செவிகொடுக்கிறார் என்பதே பெரிதாகத் தோன்றுகிறது. கல்லைக் கேட்டுத் தீட்டியவரும், தீட்டாமல் பொதிந்தவரும் ஒரே பள்ளியின் மாணவர்கள். குழியின் அளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடுபவர் வேறு பள்ளி.

நம் இல்லங்களிலும் நிறுவனங்களிலும் எந்தப் பள்ளியின் பாடம் நடக்கிறது? கணக்கு வராத பிள்ளைக்கு ஓவியம் வரும் என்பதைக் கண்டும், மதிப்பெண் பட்டியல் என்ற குழிக்குள் அவனை அழுத்துகிறோம். மணமாகி வந்த பெண்ணிடம் 'அனுசரித்துப் போ' என்கிறோம். அவளுக்காக அந்த வீடு எங்கேனும் ஓர் அங்குலம் வளைந்ததா என்று கேட்பதில்லை. குரு மடங்களிலும் துறவற இல்லங்களிலும் 'உருவாக்கம்' என்ற சொல் வழங்குகிறது. நல்ல சொல்தான், எவருடைய உருவை, எவர் ஆக்குகிறார் என்ற கேள்வி உடன் இருக்கும்வரை. கேள்வி கேட்பவரும் கீழ்ப்படியாதவரும் ஒருவரே என்று எண்ணிவிட்டால், ஒரே அளவில் தேய்ந்த கற்களே மிஞ்சும். கைகால் வலுவற்ற குழந்தை ஆலயத்துக்கு வரும்போது படிக்கட்டை மாற்றாமல் பொறுமையைப் பற்றி அக்குழந்தைக்குப் போதிப்பதும் இதே இனம்தான்.

பட்டை தீட்டுதல் என்ற உவமையில் நாம் காணத் தவறும் இன்னொருவர் இருக்கிறார்: தீட்டுபவர். குஜராத்தின் கம்பாத் நகரிலும் அதையடுத்த சிற்றூர்களிலும் அகேட், சூதுபவளம் முதலிய கற்களைத் தேய்த்து மணியாக்கும் தொழில் பல நூற்றாண்டுகளாக நடந்துவருகிறது. இக்கற்கள் யாவும் சிலிக்காவே. சாணையில் எழும் மாவு போன்ற தூசி மூச்சோடு நுரையீரலில் புகுந்து தங்கிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு மருந்தில்லை. காசநோயும் எளிதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலான வேலை வீட்டு முற்றத்திலேயே நடப்பதால், சாணையைத் தொடாத மனைவி மக்களும் அண்டை அயலாரும் அதே தூசியைச் சுவாசிக்கிறார்கள். தூசியை உறிஞ்சும் சாதனங்கள் உண்டு. ஆனால் ஒரு மணிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பத்துக்கு அதை வாங்குவதும் ஓட்டுவதும் எளிதன்று. கல்மணிச் செபமாலை ஒன்று நம் கையில் வழுவழுப்பாக உருளும்போது, அந்த வழுவழுப்புக்கு எவரோ மூச்சால் விலை கொடுத்திருக்கக்கூடும். துன்பம் மனிதரை மணியாக்கும் என்ற உவமையை அந்த முற்றத்தில் நின்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? அங்கே மணியானது கல் மட்டுமே.

அவ்வகையில், தீட்டாத கல்லை அணிபவர் தம்மையறியாமலே ஒரு தொழிலாளியின் மூச்சைச் சிறிது காக்கிறார் எனலாம். ஆனால் இதிலும் ஏமாந்துவிடக் கூடாது. தோண்டியெடுத்தவரின் உழைப்பும் இடரும் தீட்டாத கல்லிலும் மறைந்துதான் இருக்கின்றன. மேலும், 'இயற்கை' என்ற சொல்லுக்கு விலை கூடியதும் அச்சொல்லையே போலியாகச் செய்யும் வணிகமும் பிறந்துவிட்டது. சந்தையில் மஞ்சள் சிட்ரின் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி சூடேற்றிய செவ்வந்திக்கல்லே. வெறும் படிகத்தில் விரிசல் உண்டாக்கிச் சாயம் ஏற்றியதும், அகேட்டுக்கு நீலமும் கருஞ்சிவப்பும் ஊட்டியதும் கரடுமுரடான தோற்றத்தோடு விற்பனைக்கு வருகின்றன. சூடேற்றுவது தன்னளவில் பொய்யன்று. கம்பாத் வினைஞர் சட்டியிலிட்டுச் சூடேற்றிச் சூதுபவளத்தைச் சிவக்கச் செய்வது பழமையான, யாவரும் அறிந்த வழக்கம். பொய் இருப்பது விற்பவரின் மௌனத்தில். பொற்கொல்லரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் ஏழாம் நூற்றாண்டுத் தூய எலீஜியுஸ், ஓர் அரியணை செய்வதற்கு அரசர் கொடுத்த பொன்னில் இரண்டு அரியணைகள் செய்து முன்வைத்தார் என்று அவரது வரலாறு கூறும். மிச்சத்தை எவரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவரைப் பின்னாளில் நோயோன் நகர ஆயராக்கிய தகுதிகளுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும் என்று எண்ண நமக்கு விருப்பம்.

அணிகலனே ஆகாது என்போரும் நம்மிடையே உண்டு. வெளி அலங்காரத்தைவிட உள்ளத்தின் அழகே மேல் என்று தூய பேதுரு எழுதியது மறுக்க இயலாதது. ஆயினும் பொற்கன்றுக்காகக் கழற்றப்பட்ட அதே காதணிகளின் இனம்தான் பின்னர் ஆண்டவரின் திருஉறைவிடத்துக்கும் காணிக்கையாக வந்தது. கல் பதிக்கும் கலைத்திறனைப் பெட்சலேலுக்கு அருளியது இறைவனின் ஆவியே என்றும் அந்நூல் சொல்கிறது. கலையைப் பழிக்காமல், அது எவ்வாறு செய்யப்பட்டது என்று கேட்பதே நமக்குரிய கடமை.

காங்கேயத்தை ஒட்டிய படியூரில் கடல்நிறப் பெரில் கிடைத்துவந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணலில், 1985ஆம் ஆண்டு தொடங்கித் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மணித் தொழில் செழித்திருந்தது தெரியவந்தது. பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று உரோமை அறிஞர் பிளினி எழுதினார். அவர் காலத்துக்குச் சற்றுப் பின் எழுதப்பட்ட திருவெளிப்பாடு நூலில், புதிய எருசலேமின் மதிலுக்கு எட்டாம் அடித்தளமாக அமைவதும் பெரிலே. கொங்கு நாட்டுக் கல் ஒன்றை மனத்தில் வைத்தே அந்நூலின் முதல் வாசகர் எவரேனும் அவ்வரியைப் படித்திருக்கக்கூடும். கொடுமணல் மக்கள் தம் இறந்தோருடன் சூதுபவள மணிகளை நிறைய வைத்துப் புதைத்திருக்கிறார்கள். நேர்த்தியாக முடிந்த பெரில்கள் பல கடல் கடந்து போயிருக்கும். வாழிடத்தின் மண்ணில் கிடைத்தவற்றுள் அரைகுறையாகத் தேய்த்தவை, துளையிடத் தொடங்கி விட்டவை, வேலையே தொடங்காத மூலக்கற்கள் ஆகியனவும் உண்டு. அந்த ஊரில் மணி எப்படிச் செய்தார்கள் என்பதை ஆய்வாளர் படித்தறிந்தது பெரும்பாலும் இவற்றைக் கொண்டே.